மருதை இல்லைங்க

என் தம்பி பொண்டாட்டி மணிமேகலை ஒரு படைக்குத் தலைவன். தலைவி என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் படையில் ஒருத்தருக்கும் அவள் பெண் என்று தெரியாது.

செல்போனில் ஆடுகிற விளையாட்டு அது. கோட்டை கட்டுவது, அடுத்தவன் கோட்டையைப் பிடிப்பது, பிடித்ததை விடாமல் காப்பது. தனியாக ஆட முடியாது. ஆள் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்த கூட்டத்தைக் கில்டு என்கிறார்கள். மணியின் கில்டுக்குக் கொள்ளிடம் படை என்று பேர். துவாக்குடியில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்கள், குவைத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள், திருச்சியில் நர்ஸ் வேலை பார்க்கிற பேட்ரிசியா என்ற பெண் என்று பலதரப்பட்ட ஜனம். எல்லாருக்கும் மேலே மருதை அண்ணன். அந்த மருதை அண்ணன் எடமலைப்பட்டி புதூரில் ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே இன்னொரு கையால் போர் நடத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கத்தில் மேல அடையவளஞ்சான் வீதியில் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். துணியும் கத்திரிக்கோலும் தெரியும், வாயும் கொஞ்சம் தெரியும். மணி போனும் கையுமாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது குத்திப் பேசுவேன். "என்னடி, இன்னிக்கு எந்த நாட்டைப் புடிச்ச?" என்பேன். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "நாளைக்குத்தான் அண்ணி பிடிக்கணும்" என்பாள்.

அவளுக்கு வேறு என்ன இருந்தது என்று கேட்டால் எனக்கும் பதில் இல்லை. வையம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்பா மருதை, அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தவளை மேலே படிக்க வைக்க ஆளில்லை. என் தம்பி சுரேஷ்குமாருக்குக் கட்டி வைத்தார்கள். அவன் வெல்டர். குஜராத், ஒடிசா என்று பெரிய பிளாண்டுகளுக்குக் கான்ட்ராக்டில் போவான். போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டான். குழந்தை இல்லை. அவன் விட்டுப்போன பழைய போனில்தான் அவள் முதன்முதலில் கோட்டை கட்டினாள். பெண் பேரில் ஆடினால் கண்டவனும் வந்து வழிவான் என்று அப்பா பேரை வைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒரு சாமர்த்தியம் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர்கள் ஊரில் ஒரே கிணற்றில் நாலு பங்காளிகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்களாம். அதே மாதிரி கோட்டைக் காவலுக்கு முறை வைத்தாள். இங்கே இருப்பவர்கள் தூங்குகிற நேரத்தில் குவைத்துக்காரர்கள் முறை, அவர்கள் வேலைக்குப் போனதும் துவாக்குடிப் பையன்கள் முறை. முறையைத் தவறவிட்டவனை வையாமல் "உடம்பு சரியில்லைங்களா?" என்றுதான் எழுதுவாள். அதற்கே அவன் வெட்கப்பட்டு அடுத்த தடவை முன்னால் வந்து நிற்பான். மைக்கில் மட்டும் பேசவே மாட்டாள். மருதை அண்ணனின் மைக் வருஷக்கணக்காக ரிப்பேர்.

நிஜத்தில் அவளை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் முன்வரிசைக்குக் கூப்பிட்டதில்லை. குழந்தை இல்லாதவள் என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். போனுக்குள் அவள் ஒரு வார்த்தை எழுதினால் அத்தனை பேர் எழுந்து நின்றார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த மருதை என்கிற பேர்தான். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

அன்புச்செல்வன் என்று ஒருவன் படையில் இருந்தான். ஸ்ரீரங்கத்தில் யாத்திரைக்காரர்கள் தங்குகிற ஒரு லாட்ஜில் வேலை. நன்றாக ஆடுவான், முறை தவற மாட்டான். ஆனால் பேட்ரிசியாவுக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். எந்த ஆஸ்பத்திரி, எந்த ஷிப்ட், எந்த பஸ்ஸில் வருவே என்று கேட்டான். அவள் பதில் போடாமல் இருந்தபோது, 'நீ சொல்லாட்டா எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாதா' என்று எழுதினான். பேட்ரிசியா அதை மருதை அண்ணனுக்கு அனுப்பினாள். மணி அன்றைக்கே அவனைப் படையிலிருந்து தூக்கிவிட்டாள். என்னிடம் சொன்னபோது, "சரியான வேலை பண்ணுன" என்று முதல் தடவையாகப் பாராட்டினேன்.

அதற்கடுத்த மாதம் ஒரு நாள் மிளகாய் அரைக்கலாம் என்று எடமலைப்பட்டி புதூருக்குப் போனேன். மணி வீட்டுத் தெருமுனையில் இருக்கிற மில்லில் அரைத்தால்தான் எனக்குத் திருப்தி. போனால் மில் மூடிக்கிடந்தது. மாதத்தில் ஒரு நாள் கரண்டை நிறுத்தி லைன் வேலை பார்ப்பார்களே, அந்த நாள். மிளகாய்ப் பையோடு மணி வீட்டில் போய் உட்கார்ந்தேன். ஃபேன் ஓடாமல் வேர்த்துக் கொட்டியது, கதவைத் திறந்தே வைத்திருந்தோம்.

வாசலில் ஒருவன் வந்து நின்றான். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் ஒற்றையாகத் திருமண், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பார்த்தால் பெண் பார்க்க வந்தவன் மாதிரி இருந்தான்.

"மருதை அண்ணன் வீடு இதுதானுங்களே?"

மணியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் அப்பாவுக்கு வேண்டியவர் யாரோ என்று நினைத்து, "உள்ள வாங்க தம்பி" என்று நானே கூப்பிட்டுவிட்டேன்.

வந்து உட்கார்ந்தான். மணி தண்ணீர் கொடுத்தாள். தன் பேர் அன்புச்செல்வன் என்று அவன் சொன்ன பிறகுதான் எனக்கு யார் என்று விளங்கியது.

"வீட்டை எப்படிக் கண்டுபிடிச்சீங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவனுக்கு அதில் பெருமைதான். சிரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணன் மாசாமாசம் ஒரு நாள் சொல்வாருக்கா. நாளைக்கு எங்க பக்கம் கரண்ட் இருக்காது, போன்ல சார்ஜ் நிக்காது, யாராச்சும் என் முறையைப் பாத்துக்கங்கன்னு. அந்தத் தேதி எந்த ஏரியான்னு பேப்பர்ல போட்டுருவான்ல? நான் நாலஞ்சு மாசம் ஒத்துப் பார்த்தேன். அப்புறம் ஒருநா, வீட்டுக்குக் கத்தரிப்பூ கலர் அடிச்சேன், தெருவே சிரிக்குதுன்னு எழுதுனாரு. புதூர்ல தெருத்தெருவா நடந்தேன். இன்னிக்குக் கரண்ட் இல்ல, அண்ணன் கண்டிப்பா வீட்டுலதான் இருப்பாருன்னு வந்தேன்."

கத்தரிப்பூ கலர் அடித்தது என் தம்பி. வேண்டாம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"அண்ணனைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசணும். அந்தப் பொண்ணு பேச்சைக் கேட்டு என்னைத் தூக்கிட்டாரு. எனக்கு அதை விட்டா வேற எதுவுமில்லக்கா. லாட்ஜ் வேலையையும் விட்டுட்டேன், மனசு ஓடல. அவர் வர வரைக்கும் உக்காந்திருக்கேன்." சொல்லிவிட்டுக் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்துகொண்டான். பிறகு மணியைப் பார்த்து, "அண்ணன் எப்ப வருவாரு அண்ணி?" என்றான். அவளை மருதையின் மனைவி என்று நினைத்துவிட்டான்.

மணி சுவரில் சாய்ந்து நின்றாள். "அவரு இல்லைங்க" என்றாள்.

கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. வெளியே போயிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். ஊரில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மருதை என்ற பேரைக் கேட்டதும் அவள் மனசு அப்பாவிடம் போய்விட்டது என்று பிறகு சொன்னாள். ஆனால் ஒரு பெண் கண்ணீரோடு அவர் இல்லைங்க என்று சொன்னால் நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அன்புச்செல்வன் எழுந்து நின்றுவிட்டான். "எப்ப அண்ணி?" என்று கேட்டான். நான் "இந்தா தம்பி" என்று ஆரம்பித்தேன். மணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவன் போய்விட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது, உண்மையைச் சொல்லப்போனால் எனக்கும்தான். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். சுவரில் மாட்டியிருந்த என் தம்பி போட்டோவின் முன்னால் போய் நின்றான். போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றான். துக்கத்தில் நிற்கிறான் என்று நினைத்தேன். திரும்பும்போது மணியின் நெற்றிப் பொட்டைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல், துக்க வீட்டிலிருந்து போகிறவன் மாதிரி சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனான். வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனான்.

அவன் தெரு திரும்பியதும் நான் மணியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன காரியம்டி பண்ணுன? கல்லுக் குண்டாட்டம் இருக்கறவனைச் சாகடிச்சிட்டியே!" என்று கத்தினேன். அவள் தரையில் உட்கார்ந்து, "நான் எங்கப்பாவைச் சொன்னேன் அண்ணி, எங்கப்பாவைத்தான் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பூஜை அலமாரி முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் தம்பிக்குப் போன் அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப். பிளாண்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் அவன் குரலைக் கேட்கிற வரை இரண்டு பேரும் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வெல்டிங்குக்கு அவன் ஏறி நிற்கிறது அத்தனை உயரத்தில். வாயிலிருந்து விழுந்த சொல் எங்கே போய்த் தைக்குமோ என்று எனக்குப் பயம். இந்தக் காலத்தில் இப்படிப் பயப்படலாமா என்று கேட்பவர்கள் அந்த மத்தியானம் அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

மணி அன்றைக்கு விளையாட்டைத் திறக்கவில்லை. திறந்தால் மருதை பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியுமாம். செத்தவன் பேரில் எப்படி விளக்கு எரியும்? அதனால் புதுசாக வேறு பேரில் உள்ளே போய், எல்லாரும் படிக்கக்கூடிய பொது இடத்தில் நின்று பார்த்தாள். அன்புச்செல்வன் போட்ட செய்தியைப் படித்துப் படை மொத்தமும் அழுதுகொண்டிருந்தது. கோட்டைக் கொடியை இறக்கியிருந்தார்கள். குவைத்தில் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுததாக எழுதியிருந்தார். தனக்கு இத்தனை பேர் அழுகிறார்களே என்று அவளும் அழுதாள். செத்த ஆளே இழவு வீட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுவது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

அடுத்தடுத்து நடந்ததுதான் மோசம். அன்புச்செல்வன் எல்லாருக்கும் ஒரு கதை சொன்னான். அண்ணன் கடைசி நேரத்தில் தன்னை மன்னித்துவிட்டாராம், படையை அன்பு பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம், அண்ணியே அழுதுகொண்டு அதைச் சொன்னாராம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தவன் அவன் ஒருவன்தான், யார் மறுப்பது? பேட்ரிசியா மறுத்துப் பார்த்தாள். செத்தவர் வார்த்தையை மதிக்காதவள் என்று எல்லாரும் அவள் மேல் பாய்ந்தார்கள். அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டு தலைவனாக்கினார்கள். முதல் வேலையாகக் காவல் முறையை மாற்றி, ஒவ்வொருவரும் எந்த ஊர், எங்கே வேலை, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னான். முறை வைக்க வேண்டுமல்லவா என்றான். துவாக்குடிப் பையன்கள் மடமடவென்று எழுதிக் கொடுத்தார்கள். பேட்ரிசியா இன்னும் கொடுக்கவில்லை என்று தினமும் பொதுவில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ போய் உண்மையைச் சொல்லுடி" என்றேன்.

"சொன்னா அவன் இங்க வருவான் அண்ணி. வீடு தெரியும்."



ஒரு வாரம் போனது. காலையில் கடை திறக்கப் போகும்போது ராஜகோபுரத்துப் பக்கம் பஸ் நிற்கிற இடத்துச் சுவரைப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நடுவில் என் தம்பி சிரித்துக்கொண்டிருக்கிறான். கீழே 'எங்கள் படைத்தலைவர் அண்ணன் மருதை' என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே, என் தம்பியைவிடப் பெரிதாக, கும்பிட்டபடி அன்புச்செல்வன். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படையோடு வீட்டுக்கு வருவதாக வேறு அச்சடித்திருந்தான். நெஞ்சுக்கு நேராக அன்றைக்குப் போனைப் பிடித்தது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நான் அதை நகத்தால் பிறாண்டிக் கிழித்தேன். துக்கத்தில் கிழிக்கிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த பூக்காரி என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

புதூரிலும் ஒட்டியிருந்தான். எதிர்வீட்டு வள்ளிக்கண்ணு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி மணி வீட்டுக்குள் ஓடிவந்தாளாம். மணி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குகிற கையைப் பார்த்து வள்ளிக்கண்ணுவுக்கு அழுகை பாதியில் நின்றுவிட்டது.

போஸ்டரை யாரோ படம் எடுத்து என் தம்பிக்கே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் கேட்டில் போனை வாங்கிப் பார்த்தவன் அடுத்த ரயிலில் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான். நானும் போயிருந்தேன். பையை இறக்கி வைத்துவிட்டு அவன் கேட்ட முதல் கேள்வி, "நான் செத்தது இருக்கட்டும், என் மூஞ்சிக்குக் கீழ எதுக்கு மாமனார் பேரு?"

மணி எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை வாங்கிப் படையில் இருக்கிற பேர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். பிறகு, "இத்தனை ஆளை நீயா மேய்ச்ச?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?" என்றான். பேட்ரிசியா எந்த ஆஸ்பத்திரி என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக அன்புச்செல்வன் காலையில் பொதுவில் எழுதியிருந்ததை மணி காட்டினாள்.

"அப்ப எதுக்கு உக்காந்திருக்க? போய்ச் சொல்லு. நான் பக்கத்துல இருக்கேன்ல."

அன்று மூன்று மணிக்கு மருதை அண்ணன் நினைவாக ஒரு பெரிய சண்டை வைத்திருந்தார்கள். படை மொத்தமும் உள்ளே இருந்தது. மணி தன் பழைய பேரில் நுழைந்தாள். பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த எழுத்து அப்படியே நின்றது. பிறகு யாரோ, 'அண்ணன் ஐடியில யாரு?' என்று எழுதினார்கள்.

அவள் முதல் தடவையாக மைக்கை அழுத்தினாள். "நான்தாங்க மருதை" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "எம்பேரு மணிமேகலை. மருதை எங்கப்பா. போஸ்டர்ல இருக்கறது எங்க வீட்டுக்காரர், நல்லா இருக்காரு. அன்பு சொன்ன மாதிரி நான் யார்கிட்டயும் எதையும் சொல்லல. அவர் பேட்ரிசியாவுக்கு என்ன எழுதுனாருன்னு இப்ப எல்லாருக்கும் அனுப்புறேன், படிச்சுப் பாருங்க. ஊரு, வேலை, நேரம்னு எழுதிக் குடுத்தவங்கல்லாம் ஜாக்கிரதையா இருங்க."

என் தம்பி குனிந்து போனுக்குள், "ஆமாங்க, நான்தாங்க செத்தது" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அவள் அனுப்பியதை எல்லாரும் படித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். சிலர் ஏமாற்றுக்காரி என்று திட்டிவிட்டு வெளியே போனார்கள். குவைத்துக்காரர், 'அண்ணனோ அக்காவோ, முறையை யாரு வைக்கறீங்கன்னு சொல்லுங்க' என்று எழுதினார். பேட்ரிசியா ஒன்றும் எழுதாமல் மைக்கில் அழுதாள். துவாக்குடிப் பையன்கள் சேர்ந்து அன்புச்செல்வனை இறக்கிவிட்டு மருதையைத் திரும்பத் தலைவராக்கினார்கள். மணியின் முகத்தில் அப்போது வந்த களையை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

அன்புச்செல்வன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவன் மைக் விளக்கு எரிந்தது. கத்துவான் என்று நினைத்தோம். மெதுவாக, மரியாதையாகப் பேசினான்.

"அப்ப அன்னிக்கு எனக்குத் தண்ணி குடுத்தது நீங்கதானாண்ணே?"

மணி என் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க முன்னாலயே உக்காந்து உங்களுக்காக அழுதிருக்கேன். பாத்துக்கிட்டே நின்னீங்க." கொஞ்சம் நிறுத்தினான். "சரிங்கண்ணே. வரேன்."

அவன் பேருக்குப் பக்கத்தில் இருந்த விளக்கு அணைந்தது.

மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால்காரரிலிருந்து கலெக்டர் வரை இங்கே எல்லாரும் கிளம்பும்போது சொல்கிற சொல்தான். நானே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறேன். என் தம்பி எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். பட்டப்பகலில் அந்த வீட்டுக் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

"போலீஸ்ல சொல்லிருவோம்" என்றேன்.

"என்னன்னு அண்ணி சொல்றது?" என்றாள் மணி. "வரேன்னு சொன்னான்னா?"

என் தம்பி சட்டைப் பையிலிருந்து ரயில் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். புதன்கிழமை அவன் குஜராத்துக்குத் திரும்ப வேண்டும்.